படம் மாறினால் தோடு அவளுக்கு

எங்கள் தெருவில் அவளைக் கொக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். தோட்டுக் கொக்கி வளைத்துக் கொடுக்கிறவள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். அவள் கோபித்துக்கொண்டதில்லை. "துடைப்பம்னு பேர் வைக்காம விட்டாங்களே, அதுவரைக்கும் சந்தோஷம்" என்பாள்.

துடைப்பம்தான் அவள் தொழில். சினிமா தியேட்டரில் ஒரு காட்சி முடிந்து அடுத்த கூட்டம் உள்ளே வருவதற்குள் இருக்கை வரிசைகளைப் பெருக்கி முடிக்க வேண்டும். ஒரு கையில் துடைப்பம், மறு கையில் டார்ச். மற்றவர்கள் கண்ணுக்குச் சோளப்பொரியும் காகிதக் கோப்பையும் தெரிகிற இடத்தில் இவள் கண்ணுக்குத் தோடு தெரியும்.

"எந்தப் படத்துக்கு என்ன விழும்னு இப்பவே சொல்லிடுவேன்க்கா" என்பாள் என்னிடம். "அழுகைப் படம்னா தோடு. கண்ணைத் துடைக்கிறப்ப கைக்குட்டை கொக்கியில மாட்டிக்கும். பேய்ப் படம்னா வளையலும் விழும், தோடும் விழும். பக்கத்துல இருக்கிறவனைப் பிடிச்சு இழுக்கிறாங்கல்ல. சிரிப்புப் படம்தான் வேஸ்ட். பொரியைத் தவிர ஒண்ணும் விழாது."

தங்கம் என்றால் மேனேஜர் அறைக்குப் போய்விடும். உரியவர்கள் அழுதுகொண்டே வருவார்கள், சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள். பித்தளை, அலுமினியம், ஈயக்கலவை, முலாம் பூசிய கவரிங் இவையெல்லாம் டிக்கெட் கவுண்டரில் ஒரு கண்ணாடி டம்ளரில் கிடக்கும். அவற்றைக் கேட்டு யாரும் வந்ததில்லை. டிக்கெட் வாங்குகிற வரிசையில் நின்று, அத்தனை பேர் காதில் விழ, "என் கவரிங் தோடு விழுந்துடுச்சு" என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? படம் மாறும்வரை டம்ளர் அங்கேயே இருக்கும். படம் மாறினால் உள்ளே இருப்பது கொக்கிக்கு. மேனேஜர் எப்போதோ வாய்வார்த்தையாகச் சொன்னது, அப்படியே நிலைத்துவிட்டது.

இதனால் அவளுக்கு ஒருநாளும் நிம்மதி இருந்ததில்லை. படம் நன்றாக ஓடினால் டம்ளர் நிறையும், ஆனால் கைக்கு வராது. ஓடாவிட்டால் சீக்கிரம் கைக்கு வரும், ஆனால் உள்ளே ஒன்றும் இருக்காது. சுவரொட்டி ஒட்டுகிறவன் ஏணியோடு வருகிறானா என்று வாசலை வாசலைப் பார்த்துக்கொண்டே பெருக்குவாள்.

நான் நர்ஸ் இல்லை. படுத்த படுக்கையாகிவிட்டவர்களைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்து, பல வீடுகளில் அந்த வேலை செய்து ஓய்ந்தவள். ஆனாலும் தெருவுக்கு நான் நர்ஸம்மா. கொக்கி முதன்முதலாக என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து தோடுகளைக் கொட்டியபோது நான் அவளிடம் சொன்னது ஒன்றுதான்: "யார் காதுல கிடந்ததோ. சுத்தம் பண்ணாம இன்னொரு காதுல மாட்டினே, உன்னை நானே பிடிச்சுக் குடுத்துடுவேன்." ஸ்பிரிட்டும் பஞ்சும் கொடுத்து, எப்படித் துடைக்க வேண்டும் என்று காட்டினேன். மலிவான உலோகத்தில் நிக்கல் கலந்திருக்கும், சில பேர் தோலுக்கு அது ஒத்துக்கொள்ளாது, புண்ணாகும் என்றும் சொன்னேன். அன்றிலிருந்து தோட்டின் கொக்கிக் கம்பிக்கு நிறமில்லாத நெயில் பாலிஷை இரண்டு தரம் பூசிக் காயவைத்த பிறகே விற்பாள். "பூச்சு தேஞ்சு உறுத்துச்சுன்னா கொண்டாங்க, திரும்பப் பூசித் தரேன்" என்று வாங்குகிற எல்லோரிடமும் சொல்லுவாள். பெரும்பாலும் கொண்டுவந்துவிடுவார்கள்.

விழுவதெல்லாம் ஒற்றைத் தோடு. ஜோடியாக எது விழும்? அங்கேதான் அவள் கெட்டிக்காரத்தனம். ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும் இரண்டை எடுத்து, பெரியதை அரத்தால் ராவி, பளபளப்பதைத் தேய்த்து மங்கவைத்து, இல்லாத கல்லுக்கு வேறு கல் ஒட்டி ஜோடி சேர்த்துவிடுவாள். "கல்யாணம் பண்ணி வச்சுட்டேன்" என்று என்னிடம் தூக்கிக் காட்டுவாள். சில கல்யாணங்கள் எனக்குச் சரியாகப் படாது. சொன்னால், "தள்ளி நின்னு பாருங்க. எல்லா ஜோடியும் தள்ளி நின்னு பார்த்தா நல்லாத்தான் இருக்கும்" என்பாள்.

விடுமுறை நாள் காலையில் மார்க்கெட் ஓரத்து நடைபாதையில் ஒரு பெரிய கறுப்புக் குடையை விரித்து, துணியில் பரப்பி விற்பாள். குனிந்த தலை நிமிராது. யாராவது எதிரில் நின்றால் ஒரு நொடி நிமிர்ந்து காதை மட்டும் பார்த்துவிட்டுக் குனிந்துகொள்வாள், முகத்தைப் பார்க்கமாட்டாள். முகத்தை மறந்துவிடுவாள், காதை மறக்கமாட்டாள். வாங்குகிறவர்களுக்கும் அவளுடைய உச்சந்தலை வகிடுதான் தெரியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரப்போகிறது.

அவள் வீட்டுக்காரர் வேலை தேடி வெளியூர் போனார். வேலை கிடைத்தது. வேறு குடும்பமும் கிடைத்தது. அதோடு அந்தக் கதை முடிந்தது. ஒரே மகள். குடையும் துடைப்பமும் சேர்ந்து படிக்கவைத்த பெண். மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் உத்தியோகம். கடை இருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் அடிக்கடி நின்றுவிடும். சரிசெய்ய வருகிற பையனோடு பேச்சு ஆரம்பித்து, ஒருகட்டத்தில் நன்றாக ஓடுகிற லிஃப்டையும் அவன் வந்து பார்த்துவிட்டுப் போக ஆரம்பித்தான். நல்ல பையன். அப்பா போஸ்ட்மாஸ்டராக இருந்து காலமானவர். அம்மா மட்டும்தான். அந்த அம்மாள் சம்மதித்தால் கல்யாணம். "அம்மா வேண்டாம்னா என்னால மீற முடியாது" என்று பையன் முன்கூட்டியே சொல்லிவிட்டானாம்.

அந்த அம்மாளிடம் நம் பெண், "எங்கம்மா நகை வியாபாரம் பண்றாங்க" என்று சொல்லி வைத்திருந்தாள்.

"பொய் ஒண்ணும் சொல்லலையே" என்றாள் என்னிடம். "நகைதானே? வியாபாரம்தானே?"

அவர்கள் வீட்டுக்கு வருகிறார்கள் என்றதும் கொக்கிக்கு இருப்புக் கொள்ளவில்லை. இருந்தது இரண்டே அறை. தோட்டுப் பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அங்கேயிருந்து எடுத்து அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தாள். மறுபடியும் கட்டிலுக்கே கொண்டுபோனாள். "கௌரவமா பேச ஒரு ஆள் வேணும், வந்து உட்காருங்கக்கா" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

பையனும் அம்மாவும் வந்தார்கள். போஸ்ட்மாஸ்டர் வீட்டம்மா விறைப்பாக இருந்தார். கஞ்சி போட்ட புடவை, நேரான முதுகு. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். டீயில் சர்க்கரை வேண்டாம் என்றார். அதைக் கவனித்துக்கொண்டேன். அவருடைய கைக்குட்டை அடிக்கடி காதுக்குப் போனது. அதையும் கவனித்தேன். மெல்லப் பார்த்தால், தோட்டுக் கொக்கி நுழைகிற இடத்தில் சிவந்து, வீங்கி, நீர் கசிந்து, ஓரத்தில் பொருக்குக் கட்டியிருந்தது. இரண்டு காதும் அப்படித்தான். இலை மாதிரி வார்த்து, நடுவில் சிவப்புக் கல் வைத்த தொங்கட்டான்.

நான் வாயைத் திறக்கப்போனேன். என் கால் கட்டைவிரலில் கொக்கியின் குதிகால் ஏறியது.

"டீ இன்னும் கொஞ்சம் போடறேன்" என்று எழுந்தாள். யாரும் கேட்கவில்லை. என்னையும் கண்ணால் இழுத்துக்கொண்டு அடுப்பு மூலைக்கு வந்தாள்.

"அக்கா, ஒண்ணும் சொல்லாதீங்க."

"காது சீழ் வைக்கப்போகுதுடி. கண்ணு இல்லையா உனக்கு?"

"அது என் கைவேலைக்கா."

"எது?"

"அந்தத் தோடு. இடது பக்கத்துக் கல் நான் ஒட்டினது. கொக்கியில பாருங்க, ஒரு பள்ளம் இருக்கும். என் குறட்டுல ஒரு பல்லு உடைஞ்சிருக்குல்ல, அந்தத் தடம். பூச்சு போயிருக்கு. திரும்பக் கொண்டுவந்தா பூசித் தந்திருப்பேன். இவங்க எப்படி வருவாங்க?" கெண்டியை அடுப்பில் வைத்தாள். இறக்கினாள். மறுபடி வைத்தாள். அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை. "தங்கம் இல்லைன்னு நம்ம வீட்டுல தெரிஞ்சா இந்த வாசலை இனி மிதிப்பாங்களா? என் பொண்ணு கதை முடிஞ்சுது."

"அந்தம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. இந்தப் புண்ணை இப்படியே விட்டா காது மடல் தொங்கிப்போகும். நான் பார்த்திருக்கேன்."

"அதான்க்கா சொல்றேன். வாயைத் திறந்தா என் பொண்ணு. திறக்காட்டி அவங்க காது."

அதற்குள் முன்னறையிலிருந்து பையனின் குரல் கேட்டது. "அம்மா இந்தத் தோட்டைக் கழட்டவே மாட்டாங்க. எங்க பாட்டி போட்டது. அந்தக் காலத்துத் தங்கம்."

"அப்படியா?" என்றாள் நம் பெண். குரலில் பெருமை வழிந்தது. "எங்கம்மா பார்த்தாலே சொல்லிடுவாங்க, எது என்னன்னு. அம்மா! இங்க வந்து பாரேன்!"

நாங்கள் வெளியே வந்தபோது போஸ்ட்மாஸ்டர் வீட்டம்மாவின் இரண்டு கையும் இரண்டு காதையும் மூடியிருந்தன. காதைப் பொத்திக்கொண்டு இடிச்சத்தத்துக்குப் பயப்படுகிற குழந்தை மாதிரி இருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. பையன் சிரித்துக்கொண்டே, "காட்டுங்கம்மா, அவங்களுக்குத் தெரியாதா?" என்று அம்மாவின் கையை விலக்கினான்.

கொக்கி கிட்டே போனாள். குனிந்தாள். டார்ச் இல்லாதது ஒன்றுதான் குறை. இலையைப் புரட்டினாள், கல்லை நகத்தால் நெருடினாள்.

"நல்ல பொருள்" என்றாள். "கொக்கிதான் மட்டம். யாரோ மாத்தியிருக்காங்க."

"மாத்தியிருக்காங்களா?" என்றான் பையன்.

"பழசு தேஞ்சு உடைஞ்சிருக்கும். மாத்தினவன் மட்டமான கம்பியைப் போட்டுட்டான். அதான் காதை அரிக்குது. வேலை தெரியாத ஆளு. கையை உடைக்கணும் அவனுக்கு."

தன்னைத்தானே அவள் அப்படித் திட்டிக்கொண்டதை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

"உள்ள வாங்கம்மா, கழட்டிடலாம். நர்ஸம்மா புண்ணைத் துடைச்சு விடுவாங்க. கொக்கி மாத்தி வச்சுட்டுச் சொல்லி அனுப்பறேன்."

உள்ளறையில் கதவைச் சாத்தினேன். கொதித்து ஆறிய நீரில் உப்புப் போட்டு, பஞ்சை நனைத்து, பொருக்கை ஊறவைத்து மெல்ல எடுத்தேன். அந்த அம்மாள் வலியைக் காட்டவில்லை. தோடுகள் இரண்டும் கொக்கியின் உள்ளங்கையில் கிடந்தன.

"எப்படித் தெரிஞ்சுது?" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"நான்தாம்மா வித்தேன்."

அந்த அம்மாள் திரும்பினார். கொக்கியின் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. கொக்கி தலையைக் குனிந்து, உச்சி வகிட்டைக் காட்டினாள்.

"குடை" என்றார் அந்த அம்மாள். "மார்க்கெட்டுல, கறுப்புக் குடை."

"ஆமாம்மா."

"கீழ விழுந்ததைப் பொறுக்கி விக்கிறவன்னு பக்கத்துக் கடைக்காரி சொன்னா. அப்புறம்தான் சொன்னா, வாங்கினதுக்கு அப்புறம். யார் காதுல கிடந்ததோன்னு நினைச்சு நினைச்சு எனக்கு..." கைக்குட்டையைக் கசக்கினார். "நகை வியாபாரமா இது?"

"உங்க மாமியார் தங்கமா அது?" என்று கேட்டவள் நான்தான். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் ஒருவர் மட்டும் பேசிக்கொண்டே போவது எனக்குப் பிடிக்காது.

அந்த அம்மாள் கசங்கிய கைக்குட்டையை விரித்து மடித்தார். "என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில கிடந்தப்பவே அதை வித்தாச்சு. பையனுக்குத் தெரியாது. தெரிஞ்சா ராப்பகலா உழைச்சு வாங்கித் தரேன்னு கிளம்பிடுவான். லிஃப்ட் குழிக்குள்ள தூக்கக் கலக்கத்தோட இறங்கற பிள்ளையை நான் எதுக்கு..." எழுந்தார். இரண்டு காதிலும் பஞ்சோடு முன்னறைக்குப் போய், "கிளம்பலாம்" என்றார். டீ அப்படியே இருந்தது. சம்மதம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தோடுகளைத் திருப்பியும் கேட்கவில்லை.

அவர்கள் போனதும் மகள் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். "உள்ள என்ன நடந்துச்சு? மூஞ்சியே சரியில்லையே அவங்களுக்கு. காதைப் பார்த்தா கை சும்மா இருக்காதா உனக்கு? ஒரு நாள், ஒரே ஒரு நாள் கையைக் கட்டிக்கிட்டு இருக்க முடியலையா?"

"நீதானடி பார்க்கச் சொன்னே."

"பார்க்கத்தான் சொன்னேன்! கழட்டச் சொன்னேனா?"

என்ன நடந்தது என்று கொக்கி மகளிடம் சொல்லவில்லை. "அவங்க மானம் அவங்களோடது. அதை எடுத்து நான் எப்படிக் குடுக்கறது?" என்றாள் என்னிடம். நானும் சொல்லவில்லை. படுக்கையில் கிடப்பவர்கள் வீட்டில் பார்ப்பதை வெளியே சொல்லக்கூடாது என்பது பயிற்சியில் முதல் பாடம்.

அதன் பிறகு அங்கேயிருந்து ஒரு தகவலும் இல்லை. பையன் பெண்ணிடம், "அம்மா யோசிக்கிறாங்க" என்று மட்டும் சொன்னானாம். தியேட்டரில் அந்தச் சமயம் ஒரு படம் ஓடுகிறது ஓடுகிறது, எடுக்கவே மாட்டேன் என்கிறார்கள். கொக்கி பெருக்கிய வரிசையையே மறுபடியும் பெருக்கினாள். சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போவாள். என் வீட்டுக்கு வருவாள், உட்காருவாள், எதற்கு வந்தோம் என்று மறந்து எழுந்துவிடுவாள். எனக்கே தலை சுற்றியது.

"நடந்து நடந்து தரையைத் தேய்க்காதே" என்றேன். "அந்தத் தோட்டுக்கு ஒழுங்கான கொக்கி போடு. சொன்ன வேலையைச் செஞ்சு முடி."

"எதுல போட? எங்கிட்ட இருக்கிறதெல்லாம் அதே கம்பி."

"டைட்டானியம்னு ஒண்ணு இருக்கு. எலும்பு முறிஞ்சவங்களுக்கு உள்ள வச்சுத் தைக்கிறாங்களே, அது. உடம்பு அதோட சண்டை போடாது. காது குத்தற கடையில தோட்டுக்கம்பியா விக்கிறாங்க."

"காசு குடுத்தா வாங்கணும்?" என்றாள். விழுந்ததை வைத்தே பிழைத்தவள். ஆனாலும் போனாள். தன் வியாபாரத்துக்கு அவள் கடையில் வாங்கிய முதல் கம்பி அந்த ஜோடிதான். புதிதாக ஒரு குறடும் வாங்கிக்கொண்டாள், பல் உடையாதது.

அடுத்த விடுமுறை நாள் நான் காய் வாங்கப் போயிருந்தேன். கால் வலிக்கிறது என்று குடை நிழலில் அவள் பக்கத்தில் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்தேன். கஞ்சி போட்ட புடவை ஒன்று எதிரில் வந்து நின்றது. கொக்கி நிமிர்ந்தாள். வழக்கம்போலக் காதைப் பார்த்தாள். வெறும் காது. புண் ஆறிக் கொண்டிருந்தது.

"பையன் கேட்டுக்கிட்டே இருக்கான்" என்றார் போஸ்ட்மாஸ்டர் வீட்டம்மா. "கொக்கி மாத்தியாச்சான்னு."

கொக்கி மடியிலிருந்து தோடுகளை எடுத்தாள். கையோடு வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறாள் போலிருக்கிறது. அந்த அம்மாள் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணு சொல்லிடறேம்மா" என்றாள் கொக்கி. "இது ரெண்டும் ஒரே ஜோடி இல்ல. அன்னைக்கே சொல்லியிருக்கணும். வலது பக்கம் ஒரு அழுகைப் படத்துல விழுந்தது. இடது பக்கம் ஒரு பேய்ப் படம்."

அந்த அம்மாளின் வாய் கோணியது. சிரிப்பா, வேறேதாவதா என்று எனக்குத் தெரியவில்லை. "எது அழுகைன்னு சொன்னே?"

"வலதும்மா."

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "கல்யாணத்துக்கு வர்றவங்க யாராவது கிட்ட வந்து பார்த்தாங்கன்னா?"

கொக்கி சட்டென்று நிமிர்ந்ததில் துணி இழுபட்டது. துணியில் இருந்த மோதிரங்கள் உருண்டன. "கிட்ட வந்து பார்க்கிறவங்களை நான் பார்த்துக்கறேன்" என்றாள்.

"கொக்கி மாத்தினதுக்கு எவ்வளவு ஆச்சு?"

"அதெல்லாம் வேண்டாம்மா. சம்பந்தியாகப் போறீங்க."

"அதனாலதான் கேக்கறேன். சம்பந்தின்னு ஓசியில வாங்கினான்னு நாளைக்கு உன் வாயிலயே வரும். விலையைச் சொல்லு."

சொன்னாள். அநியாயம் என்றார் அந்த அம்மாள். டைட்டானியமாக்கும் என்றாள் இவள். ஆஸ்பத்திரிப் பொருளை யார் கேட்டார்கள் என்றார் அவர். அரை மணிக்குக் குறையாமல் பேரம் நடந்தது. காய்க்காரியே வேடிக்கை பார்த்தாள். கடைசியில் இரண்டு பேரும் தோற்ற முகத்தோடு முடித்துக்கொண்டார்கள். போகும்போது அந்த அம்மாள், "பசங்களுக்குத் தெரிய வேண்டாம்" என்றார். "எது?" என்றாள் கொக்கி. "எதுவும்" என்றார்.

கல்யாணம் ஒரு வாடகை மண்டபத்தில் நடந்தது. வந்தவர்களில் யாரும் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை. தள்ளி நின்று பார்த்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. கொக்கியை ஓரிடத்தில் உட்காரவைக்க முடியவில்லை. பரிமாறுகிற இடத்தில் நிற்பாள், வாசலில் நிற்பாள், சம்பந்தியம்மாவின் காதுப் பக்கம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள்.

சாப்பாடு முடிந்து கூட்டம் எழுந்துகொண்டிருந்தது. எனக்குப் பக்கத்து நாற்காலியில் சம்பந்தியம்மா நேரான முதுகோடு உட்கார்ந்திருந்தார். முன் வரிசைக்கு அடியில் ஏதோ மினுங்கியது. நான் பார்த்தேன். அவரும் பார்த்துவிட்டார். அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, செருப்பு நுனியால் அதைத் தன் நாற்காலிப் பக்கம் தள்ளி, புடவை விளிம்பால் மறைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துக் கொக்கி வந்தாள்.

"கீழ ஒண்ணு கிடக்கு" என்றார் சம்பந்தியம்மா, உதடு அசையாமல். "கவரிங்தான். ஒத்தை."

கொக்கி குனியப்போனாள். பாதி குனிந்து, மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தாள். இன்னும் ஆட்கள் இருந்தார்கள்.

"அங்கேயே இருக்கட்டும் சம்பந்தி" என்றாள். "படம் இன்னும் மாறல. கேட்டு வந்தாலும் வருவாங்க."

"யாரு வருவா?" என்றார் அவர். ஆனால் காலை எடுக்கவில்லை. கடைசி ஆள் போகும்வரை அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.